இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறதா? ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் தேர்ந்தெடுக்கும் முறை

என்னிடம் இருப்பது 2001ஆம் வருட மஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரையைக் கையாலேயே மடித்துவிடலாம். 1.8 லிட்டர் என்ஜின், ஐந்து கியர். லண்டனில் பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். முதல் குளிர்காலத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. காலையில் வண்டியை எடுத்து, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளினால் 'கர்ர்ர்' என்று பற்கள் உரசும் சத்தம். கிளட்ச்சை முழுசாக மிதித்தாலும் அப்படித்தான். பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் ஒன்றுமே நடக்காததுபோல் சரியாகிவிடும். கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார் ஒரு பட்டறைக்காரர். கடைசியில் நான் மாற்றியது 2 லிட்டர் கியர் ஆயிலை மட்டும்தான்.

ஆயில் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் என்ஜின் ஆயிலைப் பற்றியே யோசிக்கிறோம். கியர் ஆயிலை யாரும் நினைப்பதில்லை. இரண்டையும் எப்படிப் பார்த்து வாங்குவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கையேட்டில் மூன்று இடங்களைப் பாருங்கள்

எம்எக்ஸ்-5 போலப் பின்சக்கரத்தில் ஓடும் கார்களில் பொதுவாக ஆயில் மூன்று தனித்தனி இடங்களில் இருக்கும்: என்ஜின், கியர்பாக்ஸ், பின்னால் டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்லமைப்பு). முன்சக்கரத்தில் ஓடும் கார்களில் கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் பெரும்பாலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும், ஒரே ஆயில்தான். ஒவ்வொன்றுக்கும் எந்த கிரேடு, எந்தத் தரக்குறியீடு, எத்தனை லிட்டர் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் வண்டிக்கு ஃபில்டரும் சேர்த்து என்ஜினுக்கு 4 லிட்டருக்குள், கியர்பாக்ஸுக்கு 2 லிட்டர், டிஃபரென்ஷியலுக்கு 1 லிட்டர். இதே காரில் ஆறு கியர் வந்த மாடலுக்கு அளவு வேறு. அதனால் 'அதே கார்தானே' என்று அடுத்தவர் சொல்லும் அளவை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: எண்களைப் படியுங்கள்

5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் இறுகிப்போய், கவிழ்த்தாலும் விழாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என்ஜின் ஆயிலும் குளிரில் அப்படித்தான் கெட்டியாகும். முன்னால் உள்ள எண் சின்னதாக இருந்தால், கடுங்குளிரிலும் என்ஜின் சுற்ற அது இடம் கொடுக்கும். 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள், 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியில். சென்னையில் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியப் போவதில்லை.

பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதற்கு. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 'குளிரில் 5, சூட்டில் 30, அப்படியென்றால் சூடாக ஆக ஆயில் கெட்டியாகிறது' என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. எந்த ஆயிலும் சூட்டில் இளகத்தான் செய்யும். எவ்வளவு இளகலாம் என்பதற்குத்தான் இரண்டாவது எண்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே கெட்டி ஆயில்தான் நல்லது என்பதும் தப்பு. டொயோட்டா ஜிஆர்86 காருக்கு நிறுவனம் சொல்வது 0டபிள்யூ-20, தண்ணீர்போல் ஓடும் ஆயில். பல போர்ஷ் கார்களுக்கு, அந்த நிறுவனமே தரும் ஏ40 என்ற ஒப்புதல் பெற்ற 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40. பேரிங்குகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள், ஆயில் பம்ப் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து இது மாறும். பந்தயத் தடத்தில் அடிக்கடி ஓட்டுகிறீர்கள், ஆயில் சூடு 120 டிகிரியைத் தாண்டுகிறது என்றால், கையேடு அனுமதிக்கும் கிரேடுகளில் கெட்டியானதை எடுங்கள். அதற்கு வெளியே போகாதீர்கள்.

படி 3: தரக்குறியீடு

கேனின் பின்பக்கத்தில் ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ ஏ3/பி4 என்றெல்லாம் இருக்கும். ஏபிஐ அமெரிக்க அமைப்பு, ஏசிஇஏ ஐரோப்பிய அமைப்பு; அடுத்து வரும் எழுத்துகள் அவை வகுத்த தரம். ஏபிஐ எஸ்பி 2020 மே மாதம் வந்தது. டர்போவும் நேரடி எரிபொருள் ஊசியும் உள்ள பெட்ரோல் என்ஜின்களில், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் ஸ்பார்க் பிளக் பொறி விடும் முன்பே எரிபொருள் தீப்பிடித்து பிஸ்டனை உடைத்துவிடக்கூடும். அதைத் தடுக்கும் சோதனையில் தேறிய ஆயில் இது. உங்களுடையது அப்படிப்பட்ட என்ஜின் என்றால் எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய தரத்தைத்தான் வாங்க வேண்டும்.

ஐரோப்பிய கார்களில் இன்னொன்றும் கவனியுங்கள். 'பிஎம்டபிள்யூ எல்எல்-01 ஒப்புதல் பெற்றது' என்பது வேறு, 'அந்தத் தேவைகளுக்குப் பொருந்தும்' என்பது வேறு. முதலாவது கார் நிறுவனம் சோதித்துக் கொடுத்த அனுமதி. இரண்டாவது ஆயில் கம்பெனி தானாகச் சொல்லிக்கொள்வது. நான் முதலாவதைத்தான் வாங்குவேன்.

படி 4: கியர் ஆயில்

எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 75டபிள்யூ-90 என்பது என்ஜின் ஆயிலைவிட மூன்று மடங்கு கெட்டி என்று அர்த்தமில்லை. கியர் ஆயிலுக்கு அளவுகோலே வேறு. அதில் 90 என்பது 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ். என்ஜின் ஆயிலில் 40, 50 இருக்கும் அதே இடம்.

அடுத்து ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரக்குறியீடுகள். ஐந்து பெரிய எண், அதனால் மேல் என்று எடுத்துவிடாதீர்கள். இவை இரண்டும் வேறு வேறு வேலைக்கு. டிஃபரென்ஷியலில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி, சறுக்கிக்கொண்டே சுழலும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். அதனால் ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதிகம், ஜிஎல்-4 ஆயிலில் இருப்பதுபோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது இரும்புப் பல்லின்மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து, பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும்.

கியர்பாக்ஸில் கதை வேறு. பழைய மேனுவல் கியர்பாக்ஸ்களில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு பித்தளைச் சின்க்ரோ வளையம் இருக்கும். நீங்கள் கியரைத் தள்ளும்போது அது எதிரே உள்ள கூம்பைப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்கி, பிறகுதான் பற்களைச் சேர விடும். பிடிக்க வேண்டும் என்றால் உராய்வு வேண்டும். ஆயில் ரொம்ப வழுக்கினால் வளையம் பிடிக்காமல் நழுவும், பற்கள் மோதும். அதுதான் அந்தக் 'கர்ர்ர்'. போதாததற்குச் சில ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தகம் சூட்டில் பித்தளையை அரிக்கவும் செய்யும்.

என் காரின் கையேடு கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் அனுமதிக்கிறது. பித்தளையைக் கெடுக்காத ஜிஎல்-5 ஆயில்களும் இப்போது கிடைக்கின்றன. ஆனாலும் கியர்பாக்ஸுக்கு நான் எடுத்தது ஜிஎல்-4 மட்டுமே என்று எழுதியிருக்கும் 75டபிள்யூ-90 சிந்தெடிக். டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5. இதைத் தலைகீழாக ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-4 ஊற்றிய டிஃபரென்ஷியல் கொஞ்ச நாளில் ஊளையிட ஆரம்பிக்கும், தேய்ந்த பல் திரும்பி வராது.

கிளட்ச் தட்டுகள் உள்ள லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை) என்றால் அதற்கென்ற சேர்மானம் உள்ள ஆயில் தேவைப்படலாம், கையேட்டில் பாருங்கள். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு அந்த நிறுவனம் சொல்லும் திரவம் மட்டும்தான், வேறு எதையும் ஊற்றக்கூடாது.

படி 5: கடையில்

மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, பேட்ச் எண் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பில் வாங்குங்கள். அப்புறம், கல்லாப் பக்கத்தில் வைத்திருக்கும் 'என்ஜினுக்கு டானிக்' பாட்டில்கள் வேண்டாம். நல்ல ஆயிலில் சேர்மானங்களை அளந்துதான் கலந்திருக்கிறார்கள்.

படி 6: மாற்றும்போது

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில், நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது. கியர்பாக்ஸில் ஆயிலை வடிக்கும் முன், மேலே உள்ள நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது துருவேறி இறுகியிருந்தால், ஆயிலை வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் வண்டி அப்படியே நின்றுவிடும்.

என் கியர்பாக்ஸிலிருந்து வடிந்தது கறுத்த ஆயில், அழுகிய முட்டை வாடை. அந்த வாடையிலேயே ஜிஎல்-5 ஊற்றியிருப்பார்கள் என்று சந்தேகம் வந்தது. வடிக்கும் பிளக்கின் காந்த முனையில் கண்மை போல வழவழப்பாகக் கொஞ்சம் இரும்புத் தூள். விரலால் தேய்த்துப் பார்த்தேன், சில்லு எதுவும் தட்டுப்படவில்லை. மை போல இருந்தால் பயமில்லை, சில்லு இருந்தால் மெக்கானிக்கைப் பார்க்க வேண்டும். புது வாஷர் போட்டு பிளக்கை மூடி, நீண்ட குழாய் மாட்டிய பம்பால் புது ஆயிலை ஏற்றினேன். நிரப்பும் துளையில் வழிய ஆரம்பித்தால் போதும்.

மறுநாள் காலை, உறைபனி. இரண்டாவது கியர் முதல் இரண்டு நிமிடம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. ஆனால் சத்தம் இல்லை. இன்றுவரை இல்லை.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். காலியான 5 லிட்டர் கேனிலேயே ஊற்றி இறுக மூடி வைத்தால், இங்கே கவுன்சில் நடத்தும் மறுசுழற்சி மையத்தில் அதற்கென்று ஒரு தொட்டி வைத்திருப்பார்கள்.