ரெயின் கவரை மட்டும் நம்பினால் பை நனையும்

ஜூன் பிறந்துவிட்டால் கர்நாடகத்துக் குதிரைமுகம் மலைப்பக்கம் மழை மேலிருந்து மட்டும் விழுவதில்லை. காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும். அதற்கு மலையேறப் போகும் பலரும் எடுத்துப்போகும் ஒரே பாதுகாப்பு, முதுகுப்பையோடு வந்த ரெயின் கவர். முதல் தவறு அதுதான்.

கவர் முன்புறத்தையும் பக்கங்களையும் மூடும். முதுகோடு ஒட்டிய பக்கம் திறந்தே கிடக்கும். கழுத்து வழியே இறங்கும் தண்ணீர் முதுகுப்பக்கத்து ஸ்பாஞ்சில் ஊறி, தையல் வழியாக உள்ளே போய்விடும். வடிய ஓட்டை இல்லாத கவராக இருந்தால் அடியில் குளமே கட்டிக்கொள்ளும். கவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சேறு படாமல் காக்கும், அவ்வளவுதான். நீர்புகாத துணி என்று சொல்லி விற்கிற பைகளிலும் ஜிப் கசியும்.

ஆகவே பை நனையத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு அடுக்குங்கள். உள்ளே கனமான பாலித்தீன் பை ஒன்றை விரித்து, சாமான்களை அதற்குள் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துக் கட்டினால் போதும். மெல்லிய குப்பைப் பை ஒரு நாளிலேயே கிழிந்துவிடும். டிரை பேக், அதாவது வாயைச் சுருட்டிக் கொக்கி மாட்டும் நீர்புகாப் பை, வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு: வாய்வரை திணித்துவிட்டு ஒரே ஒரு மடிப்போடு கொக்கியை மாட்டுவார்கள். மூன்று சுற்றாவது சுருட்ட இடம் விட வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டு, நனைந்த ரெயின்கோட்டைச் சுருட்டி அதே உள்பைக்குள் போடுகிறவர்களை என்ன சொல்வது? வெளித் தண்ணீரைத் தடுக்கும் பை உள் ஈரத்தையும் வெளியே விடாது. சாயங்காலத்துக்குள் மாற்றுத் துணியும் சேர்ந்து பிசுபிசுத்துவிடும். ஈரமானது எதுவாக இருந்தாலும், தண்ணீர் பாட்டில் உட்பட, உள்பைக்கு வெளியேதான். ரெயின்கோட்டும் தின்பண்டமும் எப்போதும் மேலாக இருக்கட்டும். கொட்டும் மழையில், அட்டை ஊரும் தரையில் பையை வைத்துத் துழாவ முடியாது.

இமாச்சலத்து ஹாம்ப்டா கணவாய்போல் கூடாரத்தில் தூங்கும் பயணமென்றால் ஸ்லீப்பிங் பேக்குக்குத் தனி டிரை பேக் கட்டாயம். இறகு அடைத்தது நனைந்தால் உப்பல் போய்ச் சூடே தராது. சிந்தெட்டிக் ஓரளவு தாங்கும். இரவில் போட்டுக்கொள்ளும் உடையும் சாக்ஸும் அதோடு போகட்டும். பகலில் எவ்வளவு குளிரினாலும் அதைத் தொடாதீர்கள்.

வீடு திரும்பியதும் பையையும் கவரையும் நிழலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு பரணில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். கவரின் உட்பூச்சு செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டால் புதிது வாங்கிவிடுங்கள்.