எல்லை வட்டங்களில் தமிழ்க் குழந்தைகளின் தொகையை மதிப்பிடுவது எப்படி?

கேரளத்தின் எல்லை வட்டங்களான பாலக்காட்டுச் சித்தூரிலோ தேவிகுளத்திலோ தமிழ்வழி வகுப்பு கேட்டு மனு எழுதும்போது, தமிழ்க் குழந்தைகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு விடை தேவைப்படுகிறது. பள்ளியில் 40 பேர் அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரவேண்டும் என்று 1949-ஆம் ஆண்டு மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்த அளவுகோல் இன்றும் சுட்டப்படுகிறது. ஆனால் அந்தத் தொகை எந்த அட்டவணையிலும் நேரடியாகக் கிடைக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழி அட்டவணை (சி-16) வட்டம் வரை எண்களைத் தருகிறது. அதில் வயது இல்லை. அதே கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்க அட்டவணையில் 0–6 வயதுக் குழந்தைகளின் தொகை உண்டு. அதில் மொழி இல்லை.

இரண்டையும் இணைக்கும் எளிய வழி விகிதக் கணக்கு. எடுத்துக்காட்டுக்காக, ஒரு வட்டத்தில் 2,40,000 பேர், அவர்களில் தமிழர் 60,000 பேர், 0–6 வயதினர் 24,000 பேர் என்று கொள்வோம். தமிழர் கால் பங்கு என்பதால் தமிழ்க் குழந்தைகள் 6,000 பேர் என்று வரும். இது எல்லா மொழியினரிடமும் குழந்தைகளின் பங்கு ஒன்றே என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. எல்லைப் பகுதியில் அதை அப்படியே நம்பக்கூடாது. தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்கிறார்கள். ஆகவே வயது அமைப்பு மற்ற ஊர்களைப் போல இருப்பதில்லை.

இதைத் திருத்த, தமிழர் மிகுந்த வருவாய்க் கிராமங்களை மட்டும் பிரித்தெடுத்து, அங்கே 0–6 வயதினரின் பங்கைப் பாருங்கள். அது 8 விழுக்காடு என்றால் தமிழ்க் குழந்தைகள் 4,800 பேர். மீதி 1,80,000 பேரில் 19,200 குழந்தைகள், அதாவது ஏறத்தாழ 10.7 விழுக்காடு. கூட்டினால் மொத்தம் 24,000 பொருந்துகிறது. இந்தப் பொருத்தத்தை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். 4,800 முதல் 6,000 வரை என்ற வரம்பை, 0 முதல் 6 வரை ஏழு வயதுகள் என்பதால், ஏழால் வகுத்தால், வயதுக்கு ஏறத்தாழ 690 முதல் 860 பேர். இது முழு வட்டத்துக்கான எண். ஒரு பள்ளியின் சுற்றுவட்டாரத்துக்கு இறங்க, லயம் லயமாக எண்ணுவதே நம்பகமானது.

அட்டவணையிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘தமிழ்’ என்ற மொழித் தொகுப்புக்குள் இருளர் மொழி போன்ற தாய்மொழிகளும் அடங்குகின்றன. இருளர் வாழும் பாலக்காட்டு மலைப்பகுதியான அட்டப்பாடியைக் கணக்கிடுபவர் தொகுப்பு எண்ணை விட்டுவிட்டு, அதன் கீழுள்ள ‘தமிழ்’ என்ற தாய்மொழி வரியை எடுக்க வேண்டும்.

2011-இல் 0–6 வயதில் இருந்தவர்கள் தொடக்கப் பள்ளி வயதை எப்போதோ கடந்துவிட்டார்கள். எனவே பழைய அட்டவணையிலிருந்து விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மொத்தத்தைப் புதிய பதிவுகளிலிருந்து பெறவேண்டும். வட மாநிலத் தொழிலாளர்கள் தோட்டங்களுக்கு வந்தபின் அந்த விகிதமும் சில இடங்களில் குறைந்திருக்கும். பிறப்புப் பதிவைப் பயன்படுத்துவோர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்: பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகிறது. சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறைத் தாய் பொள்ளாச்சி மருத்துவமனையில் பிள்ளை பெற்றால், அந்தக் குழந்தை தமிழ்நாட்டுக் கணக்கில் சேரும். அங்கன்வாடிப் பதிவேட்டில் இந்தக் குறை இல்லை. குழந்தை வசிக்கும் இடத்தை வைத்தே பெயர் எழுதப்படுகிறது.

தமிழ்வழிப் பள்ளியின் சேர்க்கை எண்ணைக் கீழ் எல்லையாக மட்டும் கொள்ளுங்கள். ஆங்கிலவழிக்கும் எல்லைக்கு அப்பாலுள்ள பள்ளிக்கும் போகும் பிள்ளைகள் அதில் வரமாட்டார்கள். மனுவில் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக வரம்பைத் தந்து, எந்த ஆண்டின் அட்டவணை, எந்த அனுமானம் என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். நூறுகளுக்கு முழுமையாக்கிய எண்களே போதும்.