தம்ப் டிரைவை லினக்ஸில் ஃபார்மெட் செய்யும்போது எங்கே தவறுகிறோம்?

லினக்ஸில் தம்ப் டிரைவை ஃபார்மெட் செய்ய ஒரு வரிக் கட்டளை போதும். அந்த வரியில் ஓர் எழுத்து பிசகினால் வேறொரு டிஸ்க் அழிந்துவிடும்.

இணையத்தில் பார்த்த குறிப்பில் எஸ்டிபி (sdb, லினக்ஸ் ஒரு டிஸ்குக்கு வைக்கும் பெயர்) என்று இருந்தால் அதையே தட்டாதீர்கள். சாட்டா (SATA) வகை டிஸ்க் உள்ள மேசைக்கணினியில் உள் டிஸ்க் பெரும்பாலும் எஸ்டிஏ (sda), செருகியது எஸ்டிபி. என்விஎம்இ (NVMe) வகை டிஸ்க் உள்ள மடிக்கணினியில் உள் டிஸ்கின் பெயரே வேறு, செருகியதுதான் எஸ்டிஏ. செருகும் முன் ஒருமுறை, செருகிய பின் ஒருமுறை, டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையை ஓட்டிப் பாருங்கள். புதிதாக வந்த வரிதான் உங்களுடையது. அளவையும் பாருங்கள்: அட்டையில் 64 ஜிபி என்று போட்டது 58, 59 என்று காட்டும். உற்பத்தியாளர் 1000 கணக்கில் எண்ணுகிறார், கட்டளை 1024 கணக்கில் எண்ணுகிறது, அவ்வளவுதான். 400, 900 என்று காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, கடைசியில் வரும் எண். எஸ்டிபி என்பது முழு டிஸ்க், எஸ்டிபி1 அதிலுள்ள ஒரு பகுதி (பார்ட்டிஷன்). எண்ணை விட்டுவிட்டால், லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மெட் செய்யும் கட்டளை (mkfs.ext4), பகுதிகளைக் குறித்துவைக்கும் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறதே, தொடரவா என்று கேட்கும். அவசரத்தில் 'ஒய்' தட்டிவிடாதீர்கள். டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தால், அதாவது பயன்பாட்டுக்காக இணைக்கப்பட்டிருந்தால், கட்டளை மறுத்துவிடும். யூமவுண்ட் (umount) கொடுத்து இணைப்பை விலக்கிவிட்டு வாருங்கள், வலுக்கட்டாயம் வேண்டாம்.

எந்தக் கோப்பு முறைமை, அதாவது டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை, என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இந்த டிஸ்கை யார் படிக்கப் போகிறார்கள் என்பதே கேள்வி. சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் அச்சுக் கடைக்கு எடுத்துப் போவதை இஎக்ஸ்டி4 ஆக்கினால், கடையின் விண்டோஸ் கணினி அதைப் படிக்காமல் "ஃபார்மெட் செய்யவா?" என்று கேட்கும். அங்கே 'சரி' அழுத்தினால் கோப்புகள் போச்சு. அதற்கு விண்டோஸும் படிக்கும் எக்ஸ்ஃபேட் (exFAT) கோப்பு முறைமைதான் பொருத்தம். லினக்ஸின் மையமான கெர்னலின் 5.7 பதிப்பு முதல் அதற்கு நல்ல டிரைவர் உள்ளேயே இருக்கிறது. ஃபேட்32 எங்கும் ஓடும், ஆனால் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தொட்டால் நகல் நின்றுவிடும். திருமண வீடியோவைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

ஆனால் ஹோம் கோப்புறையை அப்படியே எக்ஸ்ஃபேட்டில் பேக்கப் எடுப்பது பெரிய பிழை. உரிமையாளர், அனுமதி, சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) எதுவும் அதில் தங்காது. பெயரில் முக்காற்புள்ளி (:) உள்ள கோப்பு நகலே ஆகாது. பேக்கப்புக்கு இஎக்ஸ்டி4 வையுங்கள். முடியாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே டார் (tar) கோப்பாகக் கட்டிப் போடுங்கள்.

இஎக்ஸ்டி4 ஆக்கியதும் எழுத முடியவில்லை என்றால் டிஸ்க் கெடவில்லை. புதிய கோப்பு முறைமையின் உரிமையாளர் ரூட் என்னும் நிர்வாகிக் கணக்கு. மவுண்ட் செய்தபின், நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் (sudo), உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் (chown) கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். எல்லாருக்கும் 777 என்ற முழு அனுமதியைத் திறந்துவிடுவது தவறான மருந்து. இன்னொன்று, 5 சதவீத இடம் ரூட்டுக்கென்று ஒதுக்கப்படும். 1 டிபி டிஸ்கில் அது ஏறக்குறைய 50 ஜிபி. வெறும் தரவு டிஸ்க்தானே, ஃபார்மெட் செய்யும்போதே '-எம் 0' (-m 0) சேர்த்துவிடுங்கள்; அந்த ஒதுக்கீடு இருக்காது.

நகல் பட்டை நிறைந்ததும் பிடுங்காதீர்கள். தரவின் ஒரு பகுதி இன்னும் நினைவகத்தில் காத்திருக்கும். யூமவுண்ட் கொடுத்து, கட்டளை வரி திரும்பி வரும்வரை பொறுங்கள். மெதுவான தம்ப் டிரைவில் சில நிமிடங்கள்கூட ஆகலாம். தொங்கிவிட்டதோ என்று பயந்து இழுத்துவிடாதீர்கள், எழுதிக்கொண்டுதான் இருக்கிறது.