ஊசியை அப்புறம் எடுக்கலாம், முதலில் இன்சுலின் பாட்டிலைப் படியுங்கள்

டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்துவிட்டார், பாட்டிலும் ஊசியும் கைக்கு வந்துவிட்டன. முதலில் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தால் அது ரெகுலர், லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேகமான வகையாக இருக்கலாம், கிளார்ஜின் மாதிரி நாள் முழுக்க நின்று வேலை செய்யும் வகையாகவும் இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருப்பதுதான் தொல்லை, அதனால் பெயரைப் படிக்காமல் போடவே கூடாது. லிஸ்ப்ரோவும் அஸ்பார்ட்டும் சுமார் கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். ரெகுலரைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். கிளார்ஜினுக்குச் சாப்பாட்டு நேரம் கணக்கில்லை, தினமும் ஒரே நேரத்தில் போட்டால் சரி, ஆனால் வேறு எதனுடனும் ஒரே ஊசியில் கலக்காதீர்கள்.

பால் போலக் கலங்கலாக இருந்தால் அது என்பிஎச் (நடுத்தர நேரம் வேலை செய்யும் வகை), அல்லது வேகமான வகையும் அதுவும் சேர்ந்த 30/70 போன்ற கலவை. அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை மெதுவாக உருட்டுங்கள், குலுக்க வேண்டாம். உருட்டியும் திப்பி திப்பியாக நின்றால் அந்தப் பாட்டில் வேண்டாம்.

அடுத்தது, பலர் கோட்டை விடும் இடம். லேபிளில் அடர்த்தி (ஒரு மில்லிலிட்டரில் எத்தனை யூனிட்) 40 என்றிருக்கிறதா, 100 என்றிருக்கிறதா? ஊசியிலும் அதே எண் இருக்க வேண்டும் (வழக்கமாக 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு). 40 ஊசியில் 10 என்ற கோடு வரை 100 மருந்தை இழுத்தால் உடம்புக்குள் போவது 10 அல்ல, 25 யூனிட்! இன்சுலின் பேனாவிலிருந்து மருந்தை ஊசியால் உறிஞ்சுவதும் கூடாது, அதில் 200, 300 என்றெல்லாம் அடர்த்தி உண்டு.

வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் போடும் வகை கடையில் இல்லையென்றால் கடைக்காரர் நீட்டும் வேறொன்றை அதே அளவில் போடாதீர்கள், டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். நீண்ட நேர வகைகளை உலக சுகாதார அமைப்பு 2021-ல்தான் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ரெகுலரும் என்பிஎச்சும் பழையவை, விலை குறைவு, அதனால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

திறக்காத பாட்டில் ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும், ஃப்ரீசரில் உறைந்துபோனால் வீண்தான். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள், பெரும்பாலானவற்றுக்கு அன்றிலிருந்து 28 நாள்தான் கணக்கு.