பாழ்வளவில் தற்காலிக வாகனத் தரிப்பிடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ் நகரில் வாகனம் பெருகிவிட்டது. விட இடம் இல்லை. ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கங்களில் போரில் இடிந்து, உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் இன்னும் எழும்பாத வளவுகள் பல கிடக்கின்றன. அவற்றைக் குத்தகைக்கு எடுத்துத் தற்காலிகத் தரிப்பிடம் நடத்த இளைஞர்கள் முன்வருகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் அபிவிருத்தி அனுமதி விண்ணப்பங்களுக்கு வரைபடம் கீறும் தொழிலில் நான் தொடக்கத்தில் விழுந்த குழிகளிலேயே அவர்களும் வந்து விழுகிறார்கள்.

ஆதனவரிப் பற்றுச்சீட்டை இணைக்க மறப்பது, வரைபடத்தில் வடதிசையைக் குறிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. கருமபீடத்தில் இருப்பவரே அவற்றைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.

அனுமதிக்கு முன் கிரவல் கொட்டுவது

மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பணத்தைத் தின்கிறது. இன்றும் எனக்குக் கோபம் வருவதும் இதற்குத்தான்.

வருபவர்கள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: "நாங்கள் ஒன்றும் கட்டவில்லையே அண்ணை, காணியை மட்டப்படுத்தித் தகரவேலி அடிக்கிறோம், அவ்வளவுதான். அதுவும் இரண்டு வருடத்துக்கு." 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசத்துக்குள் கட்டடம் எழுப்புவது மட்டும் அபிவிருத்தி வேலை அல்ல. நிலத்தில் செய்யும் பொறியியல் வேலையும், நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். குடியிருந்த வளவு கட்டணத் தரிப்பிடமாகிறது என்றால் பயன்பாடு மாறுகிறது. ஒரு கல்லும் வைக்காவிட்டாலும் அனுமதி வேண்டும்.

லண்டனில் இருக்கும் உரிமையாளர் இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைச் சேர்த்துவிடுவார். இங்கிலாந்தில் வெறும் நிலத்தை ஆண்டுக்கு 28 நாள் வரை வேறு தேவைக்குத் தற்காலிகமாகப் பயன்படுத்தத் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை; அதற்கும் விலக்குகள் உண்டு. அந்த விதி அந்த நாட்டுக்குரியது. அதை நம்பி இங்கே ஒருவர் லொறிக்குச் சொன்னார்.

மூன்று பரப்புக் காணி அது. கூரையில்லாத வீட்டின் சுவர்களை இடித்து, அந்தக் கல்லையே பரவி, அதன் மேல் கிரவல் கொட்டி ஒன்றரை அடி உயர்த்திவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் அங்கே போனபோது பக்கத்து மதிலின் அடியைப் பார்த்தேன். வழக்கமாகச் சாண் அகலத்தில் ஒரு நீர்த்துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் கிரவல் நிரம்பியிருந்தது. அடுத்த வளவு மேடு. மழைத்தண்ணீர் எத்தனையோ காலமாக அந்தத் துவாரத்தால் இறங்கி, இந்தப் பள்ளக் காணியைக் கடந்து தெரு வாய்க்காலுக்குப் போய்வந்திருக்கிறது. இவர்கள் வாங்கி வைத்திருந்த காணி உறுதிப் பத்திரத்திலேயே "வழி வாய்க்கால்" உரிமை பற்றி எழுதியிருந்தது. ஒருவரும் அட்டவணையைக் கடைசிவரை வாசிக்கவில்லை.

கார்த்திகை மழை பிடித்த முதல் இரவே அடுத்த வீட்டு ஆச்சியின் குசினிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மறுநாள் அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. நனைந்த அரிசிச் சாக்கைப் படம் எடுப்பித்து, முறைப்பாட்டோடு மாநகர சபைக்குக் கொண்டுபோனார். அதுவரை "பார்ப்போம்" என்றிருந்த சபை அன்றோடு மாறியது.

அனுமதியின்றிச் செய்த வேலைக்கு அந்தச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் அறிவித்தல் வரும். வேலையை நிறுத்தச் சொல்வதோடு அது நிற்காது. காணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் சொல்லலாம். செய்யாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். கட்டிய கொட்டிலை ஒரு நாளில் கழற்றலாம். பரவி உருளை ஓட்டி இறுக்கிய ஒன்றரை அடிக் கிரவலை எப்படிக் கழற்றுவது? கொண்டுவந்த செலவு ஒன்று, கிண்டி ஏற்றும் செலவு இன்னொன்று, கொண்டுபோய்க் கொட்ட இடம் தேடும் செலவு வேறு. அந்த இளைஞர்கள் போட்ட முதல் அப்படியே போயிற்று. ஒரு வாகனமும் உள்ளே வரவில்லை.

இத்தனைக்கும் முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தால் பெரிய தடை எதுவும் இருந்திருக்காது. நில அளவையாளரிடம் மட்டங்களை எடுத்து, மதிலோரம் ஒரு வாய்க்கால் காட்டி, கிரவலை அரை அடிக்குள் நிறுத்தியிருந்தால் போதும். மழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வரைபடத்தில் அம்புக்குறியால் காட்டுங்கள். திட்டமிடல் குழுவில் முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் அதுதான்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீட்டு முற்றங்களில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் விடுகிறார்களே என்று வாதாடுவார்கள். திருவிழா முடிந்தால் அது மறுபடியும் முற்றம்தான். ஒன்றரை அடி உயர்த்திய காணி மறுபடி பழைய காணி ஆகாது.

பழைய கிணற்றைக் கல் போட்டு மூடுவது

பாழ்வளவு என்றால் கிணறு இருக்கும். இடிந்த சுவரின் கல்லையெல்லாம் அதற்குள் தள்ளிவிட்டால் இரண்டு வேலையும் முடிந்தது என்று நினைக்கிறார்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இருக்கிறது. வாகனங்களிலிருந்து சொட்டும் எண்ணெய்க்குக் கல் நிரப்பிய கிணறு நேரே நிலத்தடி நீருக்குப் போகும் வழி. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனம் பட்ட பாட்டைக் கண்ட ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வேதனை. கிணற்றைச் சுற்றிக் கட்டு எழுப்பி மூடி போட்டு, அதைச் சுற்றி வாகனம் விடாமல் ஒதுக்குங்கள்.

உறுதியில் அயலவருக்குக் கிணற்றுப் பங்கு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தக் கிணறு உங்கள் விருப்பத்துக்கு உரியது அல்ல.

ஒழுங்கையை வீதி என்று நம்புவது

பத்தடி ஒழுங்கையால் ஒரு வீட்டுக்குப் போய்வரக் கொடுத்த வழியுரிமை, நாள் முழுக்கத் தரிப்பிட வாகனங்கள் ஓடுவதற்கும் பொருந்தும் என்று எண்ணாதீர்கள். அந்த ஒழுங்கையில் பங்குள்ளவர்கள் எதிர்த்தால் அனுமதி கையில் இருந்தும் படலை பூட்டித்தான் இருக்கும். வாசல் ஏ-9 வீதியில் திறப்பதானால் வீதி அபிவிருத்தி அதிகார சபையையும் கேட்க வேண்டும்.

ஒரு சகோதரரின் கையெழுத்து

பிரிக்கப்படாத முதுசக் காணியில் கொழும்பில் இருக்கும் அண்ணன் கையெழுத்திட்டால் போதாது; ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்கும் பங்கு உண்டு. அவருக்காகக் கையெழுத்திட அற்றோணித் தத்துவம் இருந்தால், குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள்.

வாய்மொழிக் குத்தகை

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். 1840 முதல் சட்டம் அதுதான்.

தூசியும் இரவு விளக்கும்

அயலவர் முறைப்பட்டால் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லை என்று நீதவான் கட்டளை இடலாம். காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளியுங்கள். விளக்கை வீடுகளின் பக்கம் திருப்பாதீர்கள்.

அரசியல்வாதியிடம் போவது

போகாதீர்கள்.

முடிவுத் திகதியை மறப்பது

அனுமதிக் கடிதத்தில் முடிவுத் திகதியும் நிபந்தனைகளும் இருக்கும். நீடிப்பு வேண்டுமென்றால் அந்தத் திகதிக்கு முன் விண்ணப்பியுங்கள். தவறினால் மறுநாளே அனுமதியற்ற தரிப்பிடமாகிவிடும். வேலியையும் கிரவலையும் யார் அகற்றுவது, யார் செலவில் என்பதைக் குத்தகை உறுதியிலேயே எழுதுவித்துவிடுங்கள்.