ஊர்ச் சொத்தும் குடும்பத் தகராறும்: கொங்கு நாட்டிலிருந்து புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

வேலை, வாடகை வீடு, பிள்ளைகள் பள்ளி என்று இங்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊரிலிருந்து போன் வரும். "அக்கா, பத்திரம் ரெடியாயிருச்சுங்க. பவரை மட்டும் போட்டு அனுப்பி வையுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறமுங்க." பேசுவது கூடப் பிறந்த தம்பி. பவர் என்பது உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம். மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் அந்தத் தாளை வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தொலைவில் இருப்பவருக்குக் குடும்பச் சொத்தில் உள்ள பிடிமானம் அந்தக் கையெழுத்துதான்.

பேச்சைத் தொடங்கும் முன் காகிதங்களைச் சேருங்கள். பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவை வருவாய்த் துறை இணையதளத்திலும், வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் இணையதளத்திலும் இங்கிருந்தே கிடைக்கும். அப்பா காலமாகிவிட்டார் என்றால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பெண்ணின் பெயர் விடுபட்டுப்போனால், பின்னால் வரும் ஒவ்வொரு காகிதத்திலும் அந்தப் பிழை தொடரும். பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருப்பதால் நிலம் அவருக்கே சொந்தம் ஆகிவிடாது. பட்டா வருவாய்க் கணக்கு. உரிமையைச் சொல்வது பத்திரமும் வாரிசுரிமையும்.

"89-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவளுக்குப் பங்கில்லை", "சீர் செஞ்சு நகை போட்டாச்சு" என்ற பேச்சுகளை இன்னமும் கேட்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம் 25-3-1989-க்கு முன் திருமணமான மகள்களை விட்டுவிட்டது உண்மை. 9-9-2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதும் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 20-12-2004-க்கு முன்பே பத்திரம் பதிந்தோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பிரித்துக்கொண்ட சொத்து மறுபடி திறக்கப்படாது. இது பூர்வீகச் சொத்துக்கு. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை அவர் உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். உயில் இல்லையென்றால் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சமப் பங்கு. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு.

பேசித் தீர்ப்பதுதான் நல்லது. அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மாமன் மச்சான், பங்காளிகள், ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற விஷயங்கள் உண்டு. சிக்கல் அதன் பிறகுதான் வருகிறது. முடிவைக் கூர்ச்சீட்டாக, அதாவது பதியாத பாகப் பிரிவினைச் சீட்டாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துவிடுகிறார்கள். முன்பே வாய்மொழியாகப் பிரித்து அனுபவித்து வருவதை நினைவுக்காக எழுதிய சீட்டை நீதிமன்றம் பார்க்கும். "இன்று முதல் இன்னாருக்கு இன்ன நிலம்" என்று எழுதினால் அதுவே பாகப்பிரிவினை. பதியாவிட்டால் உரிமையை நிரூபிக்க உதவாது. அதனால் பாகப்பிரிவினைப் பத்திரமாகவே பதிந்துவிடுங்கள். குடும்பத்தாருக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி அதற்கு உச்சவரம்பு ஒவ்வொரு பங்குக்கும் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு ஒவ்வொரு பங்குக்கும் 10,000 ரூபாய். பதியும் வாரத்தில் நடப்புக் கட்டணத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

பத்திரத்தில் ஏக்கரும் சென்டும் சரியாக இருக்கும். தகராறு வருவது கிணற்றிலும், தோட்டத்துக்குப் போய்வரும் தடத்திலும். மூன்று பேருக்குத் தோட்டம் பிரிந்து, கிணறு நடுப்பங்கில் விழுந்தால், கிணற்றில் ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பாகம் பொதுவில் என்று எழுதினால் மட்டும் போதாது. மோட்டார், கரண்ட் சர்வீஸ் எண், பைப் லைன், யாருக்கு எந்த நாள் முறைத் தண்ணீர், தூர் வாரும் செலவு எப்படி, கிணறு வற்றினால் போர் போடும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் வரவேண்டும். தடத்துக்கு எத்தனை அடி அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடத்தோடு எழுதுங்கள். மாட்டுவண்டி போன அகலத்தில் டிராக்டர் திரும்பாது. கீழ்பவானி, பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன நிலமென்றால் மடையும் கிளை வாய்க்காலும் யார் பங்கு வழியாக வருகின்றன என்பதையும் சேருங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வேலைக்காக வெளிநாடு வந்துவிட்டவர் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம். விலைக்கு வாங்கவோ தானமாகப் பெறவோ அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. தம்பி பங்குக்கும் பணம் கொடுத்துத் தோட்டத்தை நீங்களே வைத்துக்கொள்வது என்ற சமரசம் அங்கேயே உடைந்துவிடும்.

ஊருக்குப் போக முடியாதபோதுதான் பவர். பொதுப் பவர் வேண்டாம். எந்த சர்வே எண், எந்தப் பத்திரம், எந்த அலுவலகம் என்று குறித்த தனிப் பவர் எழுதுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாகச் சேருங்கள். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறலாம். அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அந்த நாட்டு அரசு தரும் சான்று) முறை உள்ள நாடென்றால் நோட்டரி கையெழுத்தோடு அப்போஸ்டில் வாங்கலாம். இந்தியாவில் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இதைச் செய்வார்கள். கூரியர் வந்த கவரைத் தூக்கிப் போட வேண்டாம் என்று ஊரில் சொல்லிவையுங்கள். கிடைத்த தேதிக்கு அதுவே சாட்சி.

உங்கள் பங்கையும் சேர்த்து விற்க யாராவது விலை பேசினால் காத்திருக்காதீர்கள். நிலம் பொள்ளாச்சியில் என்றால் வழக்கும் அங்கேதான். இங்குள்ள நீதிமன்றம் அதைப் பிரிக்க முடியாது. பாக வழக்கோடு இடைக்காலத் தடையும் கேளுங்கள். நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருந்தால் நீதிமன்றக் கட்டணம் நிலையான சிறு தொகை. உங்களை வெளியேற்றிவிட்டார்கள் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். முதல்நிலைத் தீர்ப்பு பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனரும் சர்வேயரும் அளந்து, இறுதித் தீர்ப்பு வந்தால்தான் நிலம் கைக்கு வரும். பாதியில் மனம் இளகினால் சமரசம் செய்துவைக்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பச் சொல்லலாம்; அங்கே முடிந்தால் கட்டணம் திரும்பும், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, இந்தியாவுக்குள் தொலைபேசி எண் 15100.

கணவன் மனைவி பிரச்சினையில் இங்கே விவாகரத்து வாங்கினால் ஊரிலும் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தால், மற்றவர் ஒப்பாமல் வாங்கிய தீர்ப்பை இந்திய நீதிமன்றம் ஏற்காது. இது 1991-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. இருவரும் சம்மதித்தால், ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பின் கோவை, ஈரோடு என்று உரிய குடும்பநல நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தவும் கேட்கலாம். அடி உதை நடக்கும் வீட்டில் சமரசம் பேச உட்காராதீர்கள். முதலில் இந்த நாட்டுக் காவல்துறையை அழையுங்கள்.

கோபத்தில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறுவதும் ஆபத்து. குழந்தைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் இரண்டு நாட்டிலும் தனித்தனி வழக்கு நடக்கும், சில நாடுகளில் அது குற்றமாகவும் பதிவாகும். டிக்கெட் எடுக்கும் முன், திரும்பும் தேதியோடு மற்றவரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தை வாங்கிவிடுங்கள்.