ஆலிவ் ஆலைக் கழிவுநீரை வீட்டுக் கழிவுநீரோடு கலக்கும் முன்

ஆலிவ் எண்ணெய் ஆலையின் கறுத்த நீரை வீட்டுக் கழிவுநீரோடு சேர்த்துச் சுத்திகரிக்கலாமா என்று யார் கேட்டாலும், "அதன் சிஓடி எவ்வளவு?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். நீரிலுள்ள கரிமக் கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவுதான் சிஓடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 1000 கனமீட்டர் வீட்டுக் கழிவுநீர், லிட்டருக்கு 600 மில்லிகிராம் சிஓடி என்றால் மொத்தச் சுமை 600 கிலோ. ஆலை நீரில் லிட்டருக்கு 80 கிராம் இருந்தால், வெறும் 10 கனமீட்டரிலேயே 800 கிலோ வந்துவிடும். ஒரு சதவீதம்தானே என்று திறந்துவிட்டால், நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும் காற்றூட்டும் தொட்டியில் ஆக்ஸிஜன் போதவே போதாது.

அப்புறம் ஏன் கலக்க வேண்டும்? ஆலை நீரில் கரிமம் ஏராளம், நைட்ரஜன் சொற்பம். பிஎச் 5 அளவில் அமிலமாக இருக்கும். நுண்ணுயிர்களை முடக்கும் பீனால்கள் வேறு. வீட்டுக் கழிவுநீர் பீனாலை நீர்க்கச் செய்து, நைட்ரஜனையும் காரத்தன்மையையும் கொடுக்கிறது.

ஆலை ஓடுவது வருடத்தில் சில மாதங்கள்தான். அதனால் அந்த நீரைத் தனித் தொட்டியில் தேக்குங்கள். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, அடியில் படியும் சக்கையைப் பிரித்துவிட்டு, சிறு பம்பு வைத்து நாள் முழுக்கச் சீராக விடுங்கள். மேலே சொன்ன நிலையத்தில் நாளுக்கு 1 கனமீட்டரில் தொடங்குவேன். பிஓடி (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எடுக்கும் ஆக்ஸிஜன் அளவு), நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:5:1 என்ற விகிதத்தில் இருக்கட்டும்; கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது.

தினமும் தவறாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரை அளவு உருளையில் பிடித்து 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். பழுப்பு நுண்ணுயிர்த் திரள்கள் (கசடு) சீக்கிரம் இறங்கி, மேலே தெளிந்த நீர் நின்றால் சரி, அளவைக் கொஞ்சம் கூட்டலாம். கசடு பஞ்சுபோல் உப்பி நடுவிலேயே தொங்கினாலோ மேல்நீர் கலங்கியிருந்தாலோ, அன்றைக்கே ஆலை நீரைக் குறைத்துவிடுங்கள். மீட்டர்களைவிட இந்த உருளையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

ஆலை நீர் நிறைய வருகிறதா? முதலில் காற்றில்லாத தொட்டிக்கு அனுப்புங்கள். 35 டிகிரி வெப்பத்தில், நீக்கப்படும் ஒவ்வொரு கிலோ சிஓடிக்கும் ஏறத்தாழ 0.4 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும். பிஎச் 6.8-க்குக் கீழே இறங்கினால் உடனே வரத்தை நிறுத்துங்கள். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் மீளும்.

இவ்வளவு செய்தும் வெளிவரும் நீரில் பழுப்பு நிறம் தங்கலாம். ஒன்றோடொன்று பிணைந்த பீனால்களை நுண்ணுயிர்கள் எளிதில் உடைப்பதில்லை. அதற்குக் கடைசியில் கிளர்வூட்டிய கரி வடிகட்டி வையுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றி நிறத்தை மட்டும் மங்கவைப்பது வேண்டவே வேண்டாம். சேரும் ஆற்றுக்கு அதே பீனால்தான் போய்ச் சேரும்.